மழைக்கு முன் பால்கனி வேலை: முழுக்கத் திரை போட்டு மூடுவதா, வேண்டாமா?

நீலவானம்:
வணக்கம். மழைக்காலம் தொடங்குவதற்குள் பால்கனியை ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்று இருக்கிறேன். நான்காவது மாடி. 4 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். முன்பக்கம் கம்பி ரெயிலிங், மேல்வீட்டு பால்கனிதான் எங்களுக்குக் கூரை. ஒரு மூலையில் ஏசியின் வெளிப்பெட்டி. கூடத்திலிருந்து வருவதற்கு யூபிவிசி ஸ்லைடிங் கதவு.

ஆசைப் பட்டியல்: தரை முழுக்கச் செயற்கைப் புல், இரண்டு பிரம்பு நாற்காலி, ரெயிலிங் நெடுகத் தொட்டிகள், மாலையில் எரிய சீரியல் விளக்கு.

தொல்லை: சாரல் அடித்தால் கதவு வரை நனைகிறது. கதவின் அடிச்சட்டம் வழியாகக் கூடத்துக்குள்ளும் தண்ணீர் வந்துவிடுகிறது. கண்ணாடி போன்ற பிவிசி சுருட்டுத் திரையை மேலிருந்து தரைவரை போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று அளவெடுக்க வந்தவர் சொல்கிறார். போடலாமா?

சும்மாவந்தேன்:
தாராளமாகப் போடுங்கள். எங்கள் வீட்டில் போட்டிருக்கிறோம். சொட்டுத் தண்ணீர் உள்ளே வருவதில்லை. வெயில் வந்தால் சுருட்டி மேலே கட்டிவிட வேண்டியதுதான்.

கொத்தனார்மகன்:
அவசரப்படாதீர்கள். திரை கடைசி வேலை. அதற்கு முன் இரண்டு இடங்களைப் பாருங்கள்.

முதலில் கதவின் அடிச்சட்டம். யூபிவிசி, அலுமினியம் இரண்டிலுமே ஸ்லைடிங் கதவின் தண்டவாளத்தில் தண்ணீர் விழத்தான் செய்யும். விழுந்தது வெளியே போவதற்காகச் சட்டத்தின் வெளிமுகத்தில் நீளவாக்கில் சின்னச் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். சிலவற்றில் அதன்மேல் ஒரு குட்டி மூடியும் இருக்கும். அந்தத் துளை தூசியில் அடைத்துக்கொண்டால் தண்டவாளம் தொட்டியாகி, நிரம்பியதும் தண்ணீர் தாழ்ந்த பக்கம் வழியும். பெரும்பாலும் அது கூடத்துப் பக்கம்தான். ஒரு குவளைத் தண்ணீரைத் தண்டவாளத்தில் ஊற்றிப் பாருங்கள். சில நொடிகளில் வெளியே வடிய வேண்டும். வடியவில்லை என்றால் பழைய பல் துலக்கும் பிரஷ், மெல்லிய கம்பி, தண்ணீர். இவை போதும்.

இரண்டாவது தரை வாட்டம். ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் கதவிலிருந்து வடிகால் பக்கம் 15 முதல் 20 மில்லிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரைக் கதவோரம் கொட்டுங்கள். எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்து, நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள். அந்த வட்டம் கதவுக்குப் பக்கத்தில் இருந்தால் எந்தத் திரையும் உங்களைக் காப்பாற்றாது.

ஒரு சின்னக் கணக்கு. 1 மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர். மணிக்கு 50 மில்லிமீட்டர் கொட்டும்போது உங்கள் தரையில் வெளிப்பாதி, அதாவது 3 சதுர மீட்டர் நனைந்தாலே மணிக்கு 150 லிட்டர். சுவரில் அடித்து வழிந்து இறங்குவது தனி. இத்தனையும் ஒரே துளை வழியாகப் போக வேண்டும். அந்தத் துளையின் மேல் தட்டையான ஜாலி, அதாவது துளையிட்ட மூடி, இருந்தால் மாற்றிவிட்டுக் குவிந்த ஜாலி போடுங்கள். தட்டை ஜாலியை நாலு இலை சேர்ந்தால் மூடிவிடும். குவிந்ததில் அடியில் இலை ஒட்டினாலும் மேல்பகுதி வழியாகத் தண்ணீர் போகும். முடிந்தால் இன்னொரு துளையும், கதவுப் படியைவிடத் தாழ்வாக, வெளியே நீட்டிய குழாயோடு வையுங்கள். முதலாவது அடைத்தால் அது கைகொடுக்கும்.

நீலவானம்:
நன்றி. இப்போதுதான் குனிந்து பார்த்தேன். துளைகள் இருக்கின்றன, ஆனால் வெளிப்பக்கம் முழுக்க வெள்ளை சிலிகான் பூசி அடைத்திருக்கிறது! கதவு பொருத்தியவர்கள் செய்தது. தண்ணீர் உள்ளே வராமல் இருக்கத்தான் அடைத்தோம் என்கிறார்கள்.

கொத்தனார்மகன்:
அடிக்கடி நடப்பதுதான். சிலிகானைக் கத்தியால் கீறி எடுத்துவிடுங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள மூட்டில் சிலிகான் இருக்கட்டும், அது அவசியம். துளைமேல் மட்டும் கூடாது.

ஏழாம்மாடி:
திரை விஷயத்துக்கு வருகிறேன். நான் ஏழாவது மாடி, காற்று எங்களுக்கு நெருங்கிய சொந்தம்.

திரைக்காரர்கள் மழையைப் பற்றிப் பேசுவார்கள், காற்றைப் பற்றிப் பேச மாட்டார்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 6 கிலோ அழுத்தம். வேகம் இரட்டித்து 72 ஆனால் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும்: சுமார் 25 கிலோ. உங்கள் திரை 4 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் உயரம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 240 கிலோ இழுப்பு. அதைத் தாங்கப்போவது எது? பூச்சில் மட்டும் இறங்கிய நாலைந்து திருகாணி, கீழே கொக்கியில் மாட்டிய ஒரு நாடா. அவிழ்ந்தால் அடியில் இருக்கும் இரும்புக் குழாய் ஊஞ்சலாடும், உங்கள் கதவுக் கண்ணாடி பக்கத்திலேயே இருக்கிறது.

சும்மாவந்தேன்:
ஏழாம்மாடி பயமுறுத்துகிறார். 72 கிலோமீட்டர் காற்று தினமுமா அடிக்கிறது? அடிக்கும் நாளில் சுருட்டிவிட்டால் போயிற்று.

ஏழாம்மாடி:
நீங்கள் வீட்டில் இருந்தால் சுருட்டலாம். அலுவலகத்தில் இருக்கும்போது அடித்தால்?

திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதைக் காப்பாற்றத் திரை என்று முதலில் முடிவு செய்யுங்கள். பால்கனித் தரை நனையலாம். அது நனைவதற்காகக் கட்டிய தரை. நனையக் கூடாதது கதவும் சுவரும்தான்.

நடுத்தரமான மழைத்துளி, 2 மில்லிமீட்டர் அளவுள்ளது, நொடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் விழும். 36 கிலோமீட்டர் காற்று என்பது நொடிக்கு 10 மீட்டர். அந்தத் துளி 10 மீட்டர் உள்ளே வரும் நேரத்தில் ஆறரை மீட்டர்தான் கீழே இறங்கும். உங்கள் கதவு ரெயிலிங்கிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது. அதற்குள் துளி சுமார் 1 மீட்டர் இறங்கிவிடும். ஆக, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்துக்குக் கீழே நுழையும் சாரல் கதவை எட்டுமுன் தரையில் விழுந்துவிடும். அதற்கு மேலே நுழைவதுதான் கதவில் அடிக்கும்.

எனவே மேலிருந்து ரெயிலிங் உயரம் வரை மட்டும் திரை போடுங்கள். கீழ்ப்பகுதி திறந்தே இருக்கட்டும். காற்று புகுந்து போகும், தரைத் தண்ணீர் வடியும், திரையின் பரப்பு பாதியாவதால் இழுப்பும் கிட்டத்தட்டப் பாதியாகும். இரு பக்கமும் தண்டவாளத்தில் ஓடும் ஜிப் வகைத் திரை என்றால் இன்னும் நல்லது, காற்றில் படபடக்காது. ஒரே நீளமாக 4 மீட்டர் வேண்டாம், இரண்டு துண்டாகப் போடுங்கள். ஆணி பூச்சைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் போக வேண்டும். மேல்தளம் மேல்வீட்டாருடையது, துளை போடுமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இது கணக்கு மட்டுமே. கட்டடத்தின் மூலையில் காற்று சுழன்று கீழிருந்து மேலேயும் அடிக்கும். ஒரு பெருமழையில் நின்று எந்தத் திசையிலிருந்து சாரல் வருகிறது என்று பார்த்துவிட்டு அளவு கொடுங்கள். பக்கவாட்டிலிருந்துதான் வருகிறது என்றால் பக்கத்தில் ஒரு தடுப்பு போதும், முன்பக்கம் எதுவுமே தேவைப்படாது.

கொத்தனார்மகன்:
ஏழாம்மாடி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்று: தரைவரை பிவிசி போட்டு மூடிய பால்கனியில் ஈரம் வெளியேற வழியில்லை. துணியும் காயாது, சுவரில் ஓதம் ஏறும், திரையின் உள்பக்கம் கரும்பூஞ்சணம் பிடிக்கும். மூங்கில் தட்டி பார்க்க அழகுதான், ஆனால் நனைந்து காய நாளாகும், சீக்கிரம் கறுத்துப்போகும். மழைத் தடுப்புக்கு அது ஆகாது, வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்வீட்டு பால்கனியின் அடிப்பக்க விளிம்பையும் அண்ணாந்து பாருங்கள். விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே நீளமாக ஒரு பள்ளக்கோடு இருக்கிறதா? இல்லையென்றால் விளிம்பில் வழியும் தண்ணீர் கீழே சொட்டாமல் அடிப்பக்கத்தை ஒட்டியபடியே உள்ளே வரும். சாரல் இல்லாத மழையிலும் கூரை நனைவதற்கு இதுதான் காரணம். ஒரு பிவிசி அல்லது அலுமினியப் பட்டையை விளிம்பை ஒட்டி நெடுக ஒட்டினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். சின்ன வேலை, பெரிய பலன்.

நீலவானம்:
அடுத்த சந்தேகம். கீழ்வீட்டார் அவர்கள் பால்கனிக் கூரையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறது, சில இடத்தில் மெழுகு போலத் தொங்குகிறது என்கிறார்கள். எங்கள் தரையில் டைல்ஸ் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. டைல்ஸ் போட்ட தரை கசியுமா?

கொத்தனார்மகன்:
கசியும். டைல்ஸ் வழியாக இல்லாவிட்டாலும் அதன் இடைவெளியை நிரப்பியிருக்கும் கிரௌட் கலவை வழியாக. தண்ணீரைத் தடுப்பது டைல்ஸ் அல்ல, அதற்கு அடியில் பூசிய நீர்த்தடுப்புப் பூச்சு. அது இல்லை, அல்லது கிழிந்திருக்கிறது. கீழே தெரியும் வெள்ளை, சிமெண்டிலிருந்து கரைந்து வந்த சுண்ணாம்பு.

இதைச் சாதாரணமாக விடாதீர்கள். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பால்கனியில் முக்கியக் கம்பிகள் தளத்தின் மேல்பக்கம் இருக்கும். எடை வெளிமுனையை அழுத்தும்போது மேல்பக்கம்தான் இழுபடும், அதனால். வீட்டுக்குள் இருக்கும் தளத்தில் நடுப்பகுதிக் கம்பி கீழே இருக்கும், இங்கே தலைகீழ். ஆக மேலிருந்து இறங்கும் தண்ணீர் முதலில் துருப்பிடிக்க வைப்பது பால்கனியைத் தாங்கும் கம்பியைத்தான். சுவரும் தரையும் சேரும் இடத்தில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தால், கீழ்ப்பக்கம் துருக்கறை வழிந்தால், அலங்கார வேலையை நிறுத்திவிட்டு ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். தரையில் துளை போட்டு எதையும் பொருத்துவதும் வேண்டாம்.

முழு வேலை என்றால்: டைல்ஸைப் பெயர்த்து, வாட்டத்தைச் சரிசெய்து, சுவரோர மூலையைக் கலவையால் வளைத்து மூடி, இரண்டு கோட்டு நீர்த்தடுப்புப் பூச்சு. இரண்டாவது கோட்டு முதலாவதுக்குக் குறுக்காகப் பூச வேண்டும். சுவரிலும் 15 சென்டிமீட்டர் ஏற்றிப் பூச வேண்டும். காய்ந்ததும் வடிகாலை அடைத்து, கதவுப் படிக்குக் கீழே நிற்கும்படி 3 முதல் 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் டைல்ஸ். இந்தத் தண்ணீர் கட்டும் சோதனையைச் செய்யாமல் டைல்ஸ் ஒட்ட வருபவரைத் திருப்பி அனுப்புங்கள்.

ஆனால் இதை இப்போது ஆரம்பிக்காதீர்கள். பூச்சு பிடிக்கத் தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பாதியில் மழை வந்தால் இருந்ததும் போய்விடும். இந்த மழைக்குத் தற்காலிகமாக: உதிர்ந்த கிரௌட்டைக் கீறி எடுத்துவிட்டு எபாக்சி கிரௌட், சுவரும் தரையும் சேரும் மூட்டில் பாலியூரத்தேன் சீலன்ட், முக்கியமாக ரெயிலிங் கால்கள் தரைக்குள் இறங்கும் இடத்தைச் சுற்றி அதே சீலன்ட். எனக்குத் தெரிந்து பாதிக் கசிவு அந்தக் கால்களைச் சுற்றித்தான். சிலிகான்தான் வைப்பேன் என்றால் காடி நெடி அடிக்காத நியூட்ரல் வகை வாங்குங்கள். அந்த நெடி அடிக்கும் வகை சிமெண்டில் சரியாகப் பிடிக்காது, உலோகத்தையும் அரிக்கும். சிலிகான் மேல் பெரும்பாலும் பெயின்ட் நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொட்டிச்செடி:
செடிப் பக்கம் நான் வருகிறேன். எடையிலிருந்து தொடங்கலாம். வாய் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தொட்டியில் ஏறக்குறைய 15 லிட்டர் மண் பிடிக்கும். மழையில் ஊறிய தோட்டமண் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல். ஒரு தொட்டி 25 கிலோ என்றால் ரெயிலிங் நெடுகப் பத்துத் தொட்டி 250 கிலோ, அதுவும் பால்கனியின் வெளிமுனையில். கொத்தனார்மகன் சொன்னதைக் கேட்ட பிறகு அங்கே வைக்க எனக்கு மனம் வராது. கனமான தொட்டிகள் சுவரோரம். மண்ணில் பாதிக்குப் பாதி தென்னைநார்த்தூளும் கொஞ்சம் பெர்லைட்டும் (எடையில்லாத வெள்ளைக் கல்துகள்) கலந்தால் எடை நன்றாகக் குறையும், வடிகாலும் கிடைக்கும். ரெயிலிங்கில் மாட்டுவது சின்ன பிளாஸ்டிக் தொட்டி மட்டும், அதுவும் உள்பக்கமாக, கம்பியோடு கட்டி. நான்காவது மாடியிலிருந்து விழும் ஒரு பூந்தொட்டி கீழே நடப்பவருக்கு எமன்.

மழை முடியும்வரை அடித்தட்டுகளை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அதில் தேங்கும் தண்ணீரில் கொசு முட்டையிட்டு ஒரு வாரம் பத்து நாளில் பறந்துவிடும். டெங்கு பரப்பும் கொசுவின் முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். தொட்டிகளைத் துண்டு டைல்ஸ் மேலோ தொட்டிக்கால் மேலோ தூக்கி வையுங்கள், அடித்துளை மூடாமல் இருக்கும்.

சாரல் படும் முன்வரிசைக்குப் பெரணி, கலேடியம், சிங்கோனியம், மணிபிளான்ட். கலேடியத்தின் நிறத்துக்கு வேறு அலங்காரமே தேவையில்லை. கற்றாழை, கள்ளி, அடீனியம் இவை கதவோரம், மழை படாத இடத்தில். மழைக்காலம் முழுக்க உரம் போட்டால் அத்தனையும் கரைந்து வடிகாலுக்குத்தான் போகும்.

சும்மாவந்தேன்:
அக்கா, செயற்கைப் புல்லை யாரும் தொடவே இல்லையே?

தொட்டிச்செடி:
தொட்டால் வம்பு என்று விட்டேன். சரி, சொல்கிறேன்: தரை முழுக்க வேண்டாம். அடியில் துளை இருக்கும் வகையிலும் துளை சீக்கிரம் அடைத்துவிடும். அடியில் ஈரம் காயாது, பாசி பிடிக்கும், வாடை வரும். எல்லாவற்றையும்விட, வடிகாலை மறைத்துவிடும். அடைத்தது தெரியும்போது தண்ணீர் கூடத்தில் இருக்கும். கால் வைக்கும் இடத்தில் மட்டும், ஒரு கையால் சுருட்டித் தூக்கிக் காயப்போடக்கூடிய அளவில் ஒரு துண்டு போதும். ஒன்றோடொன்று மாட்டும் கட்டை டைல்ஸும் இப்படித்தான், அவ்வப்போது தூக்கி அடியில் கூட்ட மனமிருந்தால் வாங்குங்கள்.

கொத்தனார்மகன்:
பாசி என்றதும் ஞாபகம் வந்தது. பாசிக்கு பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றித் தேய்ப்பார்கள், அது சரி. அதோடு ஆசிட் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ஆசிட் தனியாக ஊற்றினாலும் கிரௌட்டை அரித்துக் கசிவைக் கூட்டும்.

மின்கம்பி:
தாமதமாக வருகிறேன். விளக்கு பற்றி யாரும் பேசவில்லை, அதுதான் ஆளைக் கொல்லும் விஷயம்.

பால்கனிக்குப் போகும் மின் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்றும் பாருங்கள். விழாத ஆர்சிசிபி இருந்தும் பயனில்லை. விளக்கின் பெட்டியில் ஐபி என்று எழுதி இரண்டு எண் இருக்கும். இரண்டாவது எண்தான் தண்ணீருக்கு. 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், 5 என்றால் பீய்ச்சி அடிப்பதையும் தாங்கும். சாரல் படும் இடத்துக்கு ஐபி 65 வாங்குங்கள், கூரையடியில் உள்தள்ளி மாட்டுவதற்கு ஐபி 44 போதும். சீரியல் விளக்கில் 12 வோல்ட் வகையே நல்லது. அதன் அடாப்டர் வீட்டுக்குள் இருக்க வேண்டும், விளக்குச் சரம் மட்டும் வெளியே போகட்டும். ஒயர் பிளக்குக்குள் நுழையுமுன் கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து மேலே ஏறினால், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சூரிய விளக்கு மழை நாளில் சரியாகச் சார்ஜ் ஏறாது, சீக்கிரம் அணைந்துவிடும்.

அப்புறம், ஏசி வெளிப்பெட்டியைத் தார்ப்பாயில் கட்டிவைக்காதீர்கள். அது மழையில் நிற்பதற்கென்றே செய்தது. மூடிய நிலையில் ஓடினால் சூடு வெளியேறாமல் கம்ப்ரசர் படுத்துவிடும். முன்னால் பெரிய தொட்டி, திரை எதுவும் காற்றை மறிக்க வேண்டாம்.

நீலவானம்:
அனைவருக்கும் நன்றி. திரையை மேல்பாதிக்கு மட்டும், இரண்டு துண்டாகக் கேட்டிருக்கிறேன். அளவெடுக்க வந்தவர் முதலில் முகம் சுளித்தார், பிறகு சரி என்றார். டைல்ஸ் பெயர்க்கும் வேலை மழை முடிந்து வெயில் நிலைத்ததும். கடைசியாக ஒன்று: பிரம்பு நாற்காலியும் மெத்தையும் தாங்குமா?

ஏழாம்மாடி:
அசல் பிரம்பு ஊறி, பின்னல் தளர்ந்து, பூஞ்சணம் பிடிக்கும். பார்வைக்குப் பிரம்பு போலவே இருக்கும் பிளாஸ்டிக் பின்னல் வாங்குங்கள், உள்சட்டம் பவுடர் கோட்டிங் செய்த அலுமினியமாக இருக்கட்டும். இரும்புச் சட்டம் என்றால் காலடியில் இருக்கும் ரப்பர் குமிழைக் கழற்றிப் பாருங்கள், துரு அங்கேதான் தொடங்கும். என் வாக்கு மடக்கு நாற்காலிக்கு. காற்று கிளம்பினால் மடக்கி உள்ளே வைத்துவிடலாம்.

மெத்தை சாதாரணப் பஞ்சு வேண்டாம். தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும் பெரிய துளையுள்ள ஃபோம், மேலே நீர் ஒட்டாத துணி. நனைந்துவிட்டால் படுக்கவைக்காமல் ஜிப் கீழே வரும்படி செங்குத்தாக நிறுத்துங்கள், சீக்கிரம் வடியும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு மூட வேண்டாம், திறக்கும்போது வாடை தாங்காது.